அண்ணியின் எண்ணெயும் நான்கு நாட்டுச் சட்டமும்

சுங்கைப்பட்டாணியில் அண்ணன் வீட்டு முன்கூடத்தில் பத்துப் பெட்டிகள் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தன. பெட்டிக்கு 24 போத்தல், மொத்தம் 240. எல்லாம் அண்ணி காய்ச்சிய தலைமுடி எண்ணெய். சிங்கப்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார் என்று போத்தலும் லேபலும் வாங்க அண்ணி தன் வளையல் ஒரு ஜோடியை அடகு வைத்திருந்தார். லாரி வர இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கடைக்காரர் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினார். அண்ணியின் லேபல்தான். அதில் மூன்று இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

"முடி கொட்டுவதை நிறுத்தும்." வட்டம். "பொடுகை நிரந்தரமாக ஒழிக்கும்." வட்டம். "தலைவலி, சைனஸ் குணமாகும்." இதற்கு இரட்டை வட்டம்.

கீழே ஒரே வரி: "அக்கா, இது எண்ணெய் இல்ல, மருந்து. நான் மருந்து விக்க முடியாது."

அண்ணி என்னைக் கூப்பிட்டார். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். மருந்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் வீட்டில் 'பாரம்' நிரப்பத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் எல்லாக் கடுதாசியும் அவன் தலையில்தான் விழும், இல்லையா?

"தம்பி, நான் என்ன விஷமா காய்ச்சினேன்? எங்கம்மா தோட்டத்துல காய்ச்சினதுதானே? இதுல மருந்து எங்க இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனதில்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

அண்ணி பிறந்தது பாடாங் செராய் பக்கம் விக்டோரியா தோட்டத்தில். அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் ஐயா கொடுக்கும் கலக்கு மருந்து ஒருபுறம் இருக்க, லயத்துப் பெண்களுக்குள் தனியாக ஒரு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு ஓர் எண்ணெய், மூட்டுக்கு ஒரு தைலம், பிள்ளைக்கு ஒரு கஷாயம். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் லயத்துப் பின்னாலேயே கிடைக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து அண்ணனுக்கு வேலை நின்றபோது, அண்ணி அந்தத் தலைமுடி எண்ணெயைக் காய்ச்சி முதலில் அக்கம்பக்கத்துக்கு விற்றார். பிறகு பேஸ்புக். பிறகு கூலிம், லூனாஸ், பீடோங் என்று ஆர்டர் வந்தது. மூட்டுவலித் தைலமும் சேர்ந்துகொண்டது. யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

ஒரு சொல் செய்த வேலை

மலேசியாவில் அழகுப் பொருளுக்கும் மருந்துக்கும் ஒரே விதித்தொகுப்புதான்: 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் வந்த 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள். நடைமுறைப்படுத்துவது சுகாதார அமைச்சின் கீழ் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். எல்லாரும் என்பிஆர்ஏ என்றே சொல்கிறார்கள்.

தொகுப்பு ஒன்றானாலும் வாசல் இரண்டு. அழகுப் பொருள் என்றால் 'அறிவிப்பு'. 2008 ஜனவரி 1 முதல் ஆசியான் நாடுகளின் பொது ஏற்பாட்டின்படி, விற்பதற்கு முன்னால் இணையத்தில் விவரம் கொடுத்து ஓர் எண் வாங்க வேண்டும். அது 'நோட்' என்ற எழுத்துகளில் தொடங்கும். இரண்டு ஆண்டுக்குச் செல்லும். மருந்து என்றால் 'பதிவு'. ஆய்வுக்கூடச் சோதனை, உரிமம் பெற்ற தொழிற்சாலை, மதிப்பீடு எல்லாம் முடிந்த பிறகு 'மால்' என்று தொடங்கும் எண் கிடைக்கும். பாரம்பரிய மருந்தென்றால் அதன் கடைசியில் 'டி' என்ற எழுத்து இருக்கும். பாட்டி வைத்தியத்துக்கும் பதிவு வேண்டும் என்ற நிலை வந்தது 1992இல்.

இந்த இரண்டு வாசலில் எது என்பதை யார் முடிவு செய்வது? என்ன கலந்திருக்கிறது, உடம்பில் எங்கே பூசுவது, முக்கியமாக எதற்காக, எப்படிக் காட்டி விற்கிறீர்கள், உடம்புக்குள் என்ன மாற்றம் செய்கிறது என்று ஐந்தையும் பார்க்கிறார்கள். சுத்தம் செய்ய, மணக்க, தோற்றத்தை மாற்ற, நல்ல நிலையில் வைத்திருக்க என்றால் அழகுப் பொருள். நோயைத் தீர்க்க, தடுக்க, உடம்பின் இயக்கத்தை மாற்ற என்றால் மருந்து. சாப்பிடுவது, ஊசி போடுவது, மூக்கில் இழுப்பது எதுவும் அழகுப் பொருள் ஆகாது.

அண்ணியின் எண்ணெயில் கலந்தது எதுவும் பிரச்சினையில்லை. பூசும் இடமும் தலைதான். 'எப்படிக் காட்டி விற்கிறீர்கள்' என்பதில்தான் மாட்டிக்கொண்டார். என்பிஆர்ஏ வழிகாட்டியில் அழகுப் பொருளுக்கு ஆகாத வாசகங்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. முடி உதிர்வதை நிறுத்தும் அல்லது மாற்றும், முடி வளர்ச்சியைத் தூண்டும், பொடுகை நிரந்தரமாகப் போக்கும், இவை கூடாது. தோலுக்கு என்றால் முகப்பருவைக் குணமாக்கும், தழும்பை அகற்றும், கொழுப்பைக் கரைக்கும் என்பவை கூடாது. வியர்வையை முழுவதுமாகத் தடுக்கும் என்றுகூடச் சொல்லக் கூடாது. பட்டியலைப் படித்துக் காட்டியபோது அண்ணி சிரித்துவிட்டார். "தம்பி, பசார் மாலாம்ல இருக்கற எல்லாச் சாமானும் இதுலயே இருக்கே!"

அவர் சொன்னது சரிதான். 'முடி உதிர்வதை நிறுத்தும்' என்பதை 'முடியைப் பொலிவாக வைத்திருக்கும்' என்று மாற்றினால் அதே எண்ணெய் அழகுப் பொருள். முதலில் எனக்கு இது சொல் விளையாட்டாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், கொட்டுவதை நிறுத்தும் என்று எழுதும்போது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் காட்டும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. எங்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? அண்ணியின் அம்மாவுக்கு எழுபது வயதிலும் கொண்டை இருந்தது. அவ்வளவுதான்.

எல்லையைத் தாண்டினால்

உள்நாட்டிலேயே இந்தக் கதை என்றால், வெளிநாடு இன்னும் வேடிக்கை.

ஆசியானுக்குள் விதி ஒன்றுதான். 2003 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம். ஆகவே மலேசிய எண் இருந்தால் சிங்கப்பூரில் விற்கலாம் என்று நான் நினைத்தேன். இல்லை. விதி பொது, அறிவிப்பு தனித்தனி. சிங்கப்பூரில் விற்க வேண்டுமென்றால் அங்குள்ள நிறுவனம் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தன் பெயரில் அறிவிக்க வேண்டும். பொருளால் யாருக்காவது கேடு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்த மளிகைக்கடைக்காரர் வட்டம் போட்டது அதனால்தான். முதல் நாள் எனக்கு அவர் மேல் கோபம். இன்று நன்றிதான்.

நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் பற்பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். புளோரைடு கலந்த சாதாரணப் பற்பசை மலேசியாவில் அழகுப் பொருள். அதே குழாய் அமெரிக்காவில் இறங்கினால் மருந்து. பொடுகு ஷாம்புவும், வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனும் அப்படித்தான்: இங்கே அழகு, அங்கே மருந்து. மருந்தாகவும் அழகுப் பொருளாகவும் இருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'காஸ்மெசூட்டிகல்' என்று ஒரு சொல் உண்டு. 1980களில் ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் பரப்பிய சொல். விளம்பரங்களில் தாராளமாக ஓடுகிறது. ஆனால் அந்த நாட்டுச் சட்டத்திலேயே அப்படி ஒரு வகை கிடையாது. மருந்தா, அழகுப் பொருளா, இரண்டுமா என்றுதான் கேட்பார்கள். இரண்டும் என்றால் இரண்டு விதிக்கும் கட்டுப்பட வேண்டும்.

ஜப்பான்காரர்கள் 'பாதி மருந்து' என்று நடுவில் ஒரு வகையை ஒப்புக்கொள்கிறார்கள். கொரியாவில் 'செயல்திறன் அழகுப் பொருள்' என்று ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் வாங்கிக் குவிக்கும் கொரியக் கிரீம்களில் பலவும் அந்த வகைதான்.

அண்ணிக்கு அமெரிக்காவிலிருந்தும் ஓர் ஆர்டர் வந்திருந்தது. நல்ல வேளை, அனுப்பவில்லை. முடி வளர்க்கும் என்று சொல்லிக் கடையில் நேரடியாக விற்கும் பொருள்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1989லேயே தள்ளிவிட்டது. அப்படிச் சொல்ல வேண்டுமானால் புது மருந்தாக விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டும். 1988இல் தலைக்குப் பூசும் மினாக்சிடில் அந்த வழியில்தான் வந்தது. கோடிக்கணக்கில் செலவழிக்கும் மருந்துக் கம்பெனி போகும் பாதை அது. எங்கள் எண்ணெய்ச் சட்டி அங்கே போக முடியுமா? வெறும் தலைமுடி எண்ணெய் என்று போனாலும், 2022 டிசம்பரில் கையெழுத்தான புதிய சட்டத்தில் தொழிற்சாலைப் பதிவு, பொருள் பட்டியல் என்று வேலை கூடியிருக்கிறது. ஆண்டு விற்பனை சராசரி பத்து லட்சம் டாலருக்குக் குறைந்த சிறுதொழில்களுக்கு இவற்றில் விலக்கு உண்டு.

லண்டனில் இருக்கும் அண்ணியின் தங்கை மகள், "பெரியம்மா, இங்க நான் வித்துத் தரேன்" என்றாள். பிரிட்டனில் விற்க அங்கே முகவரி உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும், தகுதி பெற்ற நிபுணர் எழுதிய பாதுகாப்பு அறிக்கை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2013 ஜூலையிலிருந்து இதே முறை. பிரிட்டன் பிரிந்தபின் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் பொறுப்பாளர் வேண்டும். விவரத்தைச் சொன்னதும் அவள் இரண்டு நாள் பதிலே போடவில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன, எளிதா? அங்கே கரிசலாங்கண்ணித் தைலத்தைச் சித்த, ஆயுர்வேத மருந்து உரிமத்தோடு விற்கலாம். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே மருந்தாக இருப்பது இங்கே வந்தால் மறுபடி இங்கே பதிவாக வேண்டும். சாதாரணத் தேங்காய் எண்ணெய்க்கே அங்கே சண்டை. சிறிய போத்தலில் அடைத்த தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்று சேலம் கலால் துறை தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2024 டிசம்பரில்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தலைமுடி எண்ணெய் என்று எழுதி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்று தீர்ப்பு. அங்கேயும் கடைசியில் லேபல்தான் பேசியது! இதைச் சொன்னதும் அண்ணிக்குக் கொஞ்சம் ஆறுதல். "அப்ப நான் மட்டும் முட்டாள் இல்ல."

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். என்னோடு வேலை செய்யும் ஒரு பெண். பசார் மாலாமில் 15 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினாள். பெட்டியில் எந்த எண்ணும் இல்லை. இரண்டு வாரத்தில் முகம் பளபளத்தது. எங்கள் பிரிவில் நான்கு பேர் அவளிடம் கடை விவரம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "முகத்துக்கு என்ன பூசுகிறாய்?"

பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆசியான் விதிப்படி அழகுப் பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் இரண்டும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள். டிரெட்டினாயின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இவை கலந்த கிரீம்களைக் கண்டுபிடித்து என்பிஆர்ஏ அவ்வப்போது அறிவிப்பை ரத்து செய்து பெயரை வெளியிடுகிறது. அந்தப் பெண் கிரீமை நிறுத்தி, சிகிச்சை எடுத்து இப்போது தேறிவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'நோட்' எண் இருந்தால் சுகாதார அமைச்சு சோதித்து ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 'கேகேஎம் லுலுஸ்' என்று லேபலில் பெரிதாகப் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அது அப்படியல்ல. அறிவிப்பு என்பது விற்பவர் தானே கொடுக்கும் உறுதிமொழி. அமைச்சு பிறகு சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கும். எண் இருந்தால் பொருளுக்குப் பொறுப்பேற்க ஒரு முகவரி இருக்கிறது என்று அர்த்தம். வாங்குமுன் பொருளின் பெயரையோ எண்ணையோ என்பிஆர்ஏ இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். ரத்தானதா, நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரியும். இலவசம்தான்.

சரி, அண்ணி கதைக்கு வருகிறேன்.

முதல் வேலை, நிறுவனப் பதிவு. அறிவிப்பைத் தனி ஆள் பெயரில் எடுக்க முடியாது. அடுத்தது தயாரிக்கும் இடம். வீட்டு அடுப்பு ஆகாது. சுத்தம், தண்ணீர், தொகுதி எண், பதிவேடு என்று அழகுப் பொருள் தயாரிப்புக்கு ஆசியான் விதிமுறை இருக்கிறது. அதனால் பினாங்குப் பக்கம் பிறருக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையைப் பிடித்தோம். குறைந்தது 1,000 போத்தல் எடுத்தால்தான் செய்வோம் என்றார்கள். அண்ணிக்குப் பணத்தைவிட வேறு பயம். "பக்குவத்தைச் சொல்லிட்டா நாளைக்கு அவனே விப்பானே தம்பி?" ரகசியம் காப்பதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

திறந்ததும் இன்னொரு சிக்கல். லேபலில் கலவைப் பெயர்களை அனைத்துலக முறையில் எழுத வேண்டும். கரிசலாங்கண்ணி 'எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா' ஆனது. தேங்காய் எண்ணெய் 'கோகோஸ் நூசிஃபெரா' ஆனது. தன் எண்ணெய்க்குத் தானே அந்நியமாகிவிட்டது போல அண்ணி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை இலையை அப்படியே போட்டுக் காய்ச்சினால் ஈரம் தங்கிச் சிக்கு வாடை வரும் என்று தொழிற்சாலைப் பெண் சொன்னார். அண்ணி விடவில்லை. "ஈரம் போற பதம் எங்களுக்குத் தெரியாதா? சலசலப்பு அடங்கணும், அப்ப இறக்கணும்." அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டு, எத்தனை டிகிரி என்று அளந்து பார்த்தார். பதம் என்று நாம் சொல்வதை அவர்கள் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

மருந்தியல் படித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலேயே மருந்தியல் துறை இருக்கிறது. சொந்தத்தில் ஓர் அத்தையோ சித்தியோ எண்ணெய் காய்ச்சி விற்றால், அந்த லேபலை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் யாராவது முன்பே படித்திருந்தால் வளையல் அடகுக்குப் போயிருக்காது.

எண் வந்தது. அதை வைத்து என்பிஆர்ஏ-யிடம் 'தடையில்லா விற்பனைச் சான்றிதழ்' வாங்கலாம். இந்தப் பொருள் எங்கள் நாட்டில் சட்டப்படி விற்பனையாகிறது என்று அரசு தரும் கடுதாசி. வெளிநாட்டு இறக்குமதியாளர்கள் பலர் முதலில் கேட்பது இதைத்தான். சிங்கப்பூர்க் கடைக்காரர் தன் பக்கத்து அறிவிப்பை முடித்து 120 போத்தல் எடுத்தார். லண்டனுக்கு இன்னும் போகவில்லை. இந்தோனேசியாவை நினைத்திருந்தோம். அங்கே 2026 அக்டோபர் 17 முதல் அழகுப் பொருளுக்கு ஹலால் சான்றிதழ் கட்டாயம் என்பதால் தள்ளி வைத்திருக்கிறோம். பழைய 240 போத்தலை விற்க முடியாது. தீபாவளிக்கு உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்விட்டது. சட்டத்தில் அதற்கும் ஏதாவது சொல்லியிருக்கும். நான் தேடவில்லை.

மூட்டுவலித் தைலம்

எண்ணெய்க்கு வழி கிடைத்தது. தைலத்துக்குத்தான் கிடைக்கவில்லை.

உண்மையில் அண்ணிக்கு அதிகம் பேர் வாங்கித் தந்தது தைலம்தான். நொச்சி, வாதநாராயணன் இலை, கற்பூரம், நல்லெண்ணெய். தோட்டத்தில் குனிந்து குனிந்து மரம் வெட்டி முட்டி தேய்ந்த பெண்களுக்காக அவருடைய அம்மா காய்ச்சியது. அதன் லேபலை எப்படி மாற்றி எழுதுவது? வலியைப் போக்கும் என்று சொல்லாமல் மூட்டுத் தைலத்தை விற்க முடியுமா? 'முட்டியைப் பொலிவாக வைத்திருக்கும்' என்று எழுதலாமா என்று அண்ணன் கேட்டார். சிரித்தோம். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

அது பாரம்பரிய மருந்து. மருந்து தயாரிப்பு உரிமம் உள்ள தொழிற்சாலையில் செய்ய வேண்டும். ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம், கிருமி எல்லாவற்றுக்கும் சோதனை. பதிவு கிடைத்தால் ஐந்தாண்டு செல்லும். விளம்பரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பதிவில்லாமல் விற்றுப் பிடிபட்டால் தனி ஆளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நான் விசாரித்த இரண்டு தொழிற்சாலைகளும் சொன்ன தொகை அண்ணன் வீட்டுக் கடனில் பாதிக்கு வரும்.

கெடுபிடி தேவை என்று மேலே எழுதியவன்தான் நான். அதை மாற்றிக்கொள்ளவில்லை. என்றாலும் பெரிய கம்பெனி ஒன்று நாளை நொச்சித் தைலத்தைப் பதிவு செய்து அழகான பெட்டியில் விற்கும்போது, அதைத் தோட்டத்தில் காத்து வைத்திருந்த பெண்களுக்கு அதில் ஒரு சென் போகாது. ஐந்தாறு சிறுதொழில்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே பதிவுக்குச் செலவைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம். குரூணில் ஒருவர், பாலிங்கில் இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.

தைல விற்பனையை அண்ணி நிறுத்திவிட்டார். பேஸ்புக்கிலிருந்து படத்தையும் எடுத்துவிட்டார். போன சனிக்கிழமை போனபோது பின்கட்டில் சின்னச் சட்டியில் ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. எங்கம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு, சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது யாவாரம் இல்ல தம்பி, உங்கம்மாவுக்கு" என்றார் அண்ணி, நான் கேட்பதற்கு முன்பே. சலசலப்பு அடங்கக் காத்திருந்து அடுப்பை அணைத்தார்.